மீன் ஏறும் வாய்க்கால்

"நிறுத்தச் சொல்லுங்க. முதல்ல அந்த ஆளை மம்பட்டியைக் கீழ போடச் சொல்லுங்க."

"அம்மா, நான் சொல்றதை ஒரு தடவை..."

"கேட்டாச்சு. நேத்தும் கேட்டாச்சு. கல்லை எடுங்க."

"கல்லால தண்ணி தேங்காதும்மா. சந்து விட்டு விட்டுத்தான் பதிக்கிறோம். வெள்ளம் வந்தாலும் அது பாட்டுக்கு..."

"தண்ணியைப் பத்தி யாரு பேசினா? நான் தண்ணியைப் பத்தியா பேசறேன்?"

"தெருவுல எல்லாரும் அதைத்தானே..."

"அவங்க பேசட்டும். நான் மீனைப் பத்திப் பேசறேன். மீனு வரக் கூடாது. இந்த வாய்க்கால்ல மீனே வரக் கூடாது."

பொறியாளர் எழில்மொழி தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினாள். வெள்ளம் என்றால் அவளிடம் பதில் இருந்தது. கொசு என்றால் இருந்தது, குப்பை என்றாலும் இருந்தது. மீன் வரக் கூடாது என்று ஒரு மனுஷி பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன சொல்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கீழே, வாய்க்காலுக்குள் கல் பதித்துக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்குக் காங்கிரீட் சுவர். நடுவில் காங்கிரீட் தரை. அந்த வழவழப்பான தரையில் உரல் உரலாகக் கருங்கற்களை வரிசை வைத்துச் சிமெண்டில் ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

அது நாணல் வாய்க்கால். பெரியேரியின் உபரித் தண்ணீரையும் ஊரில் பெய்கிற மழையையும் வாங்கி, சூசையப்பர் நகர் வழியாக இழுத்துப் போய் வடவாற்றில் தள்ளுகிற வாய்க்கால். மண் வாய்க்காலாக இருந்ததை, தஞ்சாவூர் இந்தப் பக்கம் வளர்ந்து வீடுகள் நெருக்கியதும், வெள்ளத் தடுப்பு என்று சுவர் எழுப்பிக் காங்கிரீட் ஆக்கினார்கள். மறுவருஷம் ஆற்றில் சேருகிற வாயில் ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்பும் கட்டினார்கள். அதோடு மீன் நின்றது. ஐப்பசியில் புதுத் தண்ணீர் கண்டதும் ஆற்றிலிருந்து எதிர்த்து ஏறி ஏரிக்கும் வயலுக்கும் முட்டையிடப் போகிற கெண்டையும் கெளுத்தியும் விராலும் அந்தத் தடுப்பில் முட்டி முட்டி அங்கேயே செத்தன.

இப்போது அந்த இடத்தில் கற்சரிவு போட்டாகிவிட்டது. மீன் அதில் தாவி ஏறி உள்ளே வந்தால் நின்று மூச்சு வாங்க, வாய்க்கால் நெடுகக் கல். அதுதான் எழில்மொழியின் வேலை.

"ஏம்மா, மீனு பாவம்மா," என்றாள் எழில்மொழி மெதுவாக. "அதுக்கும் ஏறிப் போக ஒரு வழி வேணாமா?"

"அந்தச் சுவரைப் பாருங்க."

"எந்தச் சுவரு?"

"எதிர்ச் சுவரு. என் கையைப் பாத்து நேராப் பாருங்க. கோடு தெரியுதா?"

எழில்மொழி குனிந்து பார்த்தாள். பாசி படிந்த பூச்சில், இடுப்பு உயரத்தில், கோழி கிளறியது போல நாலைந்து கோடுகள். பக்கத்தில் இன்னும் நாலைந்து. கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் கீழே, மறுபடியும்.

"என் வீட்டுக்காரரு நகம்," என்றாள் பாத்திமா மேரி. "பூச்சு காய்ஞ்சும் காயாம இருந்துது அப்ப. மீனு ஏறுதுன்னு சத்தம் கேட்டு எறங்கினாரு. மண்ணு வாய்க்கால்ல வருசா வருசம் எறங்கின மனுசன்தானே. தண்ணி வந்தா கரையில கோரையைப் பிடிச்சு ஏறிடுவாரு. அன்னைக்கும் அப்படித்தான் நெனச்சு எறங்கியிருக்காரு. ஏரியில ஷட்டரைத் தூக்கிட்டாங்க. பிடிக்க ஒரு புல்லு இல்ல, ஒரு கல்லு இல்ல. இதே பாலத்துல நின்னு நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

ஆட்களில் ஒருவன் மம்பட்டியைக் கீழே வைத்தான்.

"மீனு வந்தா ஆளு எறங்குவாங்கம்மா. இந்த ஊரு ஆம்பளைங்களுக்கு மீனு ஏறுற சத்தம் காதுல விழுந்தா கால் தானா எறங்கும். தடுப்பு கட்டினீங்க, மீனு நின்னுது. நானும் ராத்திரி தூங்கினேன். இப்ப என் புள்ள இருக்கான். அவனுக்கும் அதே காலு. நீங்க மீனு ஏறப் படி போடுறீங்க. உள்ள எறங்கின மனுசன் ஏறி வர என்ன போட்டீங்க?"

எழில்மொழி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தக் கோடுகளையே பார்த்தாள்.

*

பாத்திமா மேரிக்குப் பக்கத்து வீட்டில், வாய்க்காலைப் பார்த்த ஜன்னலில் தையல் மிஷினைப் போட்டிருக்கும் ஹமீதா பானுவுக்கு இந்தச் சண்டை பூராவும் கேட்டிருந்தது.

"அக்கா, தெருவிளக்குக்கு மனு எழுதி எழுதியே என் கண்ணு போச்சு. கெண்டை ஒரு மனுகூடக் குடுக்கல, அதுக்குப் படிக்கட்டு வந்துட்டுது பாரு. அடுத்த பிறவியில கெண்டையாப் பொறக்கணும்."

"சும்மா இரு பானு. எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு."

"போகத்தான் செய்யும். ஆனா அந்தப் பொண்ணு கல்லை எடுக்காது. முகத்தைப் பாத்தியா? பூதலூர்ப் பக்கமாம். அவங்க அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் போனவராம். இது ஒரே பொண்ணு, படிச்சு வந்திருக்கு. பிடிச்ச பிடியை விடுமா?"

"நானும் பூதலூர்ப் பக்கம்தான்."

"அதான் ரெண்டு பேரும் பாலத்துல நின்னு இந்தக் கத்து கத்துறீங்களா?"

ஹமீதா பானு சொன்னதுதான் நடந்தது. கல்லை எடுக்கவில்லை. ஆனால் அந்த வாரமே ஒரு வெல்டர் வந்தான். பாலத்துக்கு ஒட்டினாற்போல, பாத்திமா மேரியின் வீட்டுப் பக்கத்துச் சுவரில், மேலிருந்து கீழ்வரை துளை போட்டு வளைந்த இரும்புக் கம்பிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக இறக்கினான். மஞ்சள் பெயிண்ட் அடித்தான். எழில்மொழி தானே இறங்கி, தானே ஏறிக் காட்டினாள். நெற்றியில் வியர்வையோடு சிரித்தாள்.

"மேரியம்மா, மனுசனுக்கும் படி போட்டாச்சு. உங்களுக்காகத்தான்."

"நல்லதும்மா."

"என்னம்மா, இப்பவும் முகம் தெளியலையே?"

"இதைப் பிடிச்சு ஏறலாம்."

"ஆமா."

"இதைப் பிடிச்சு எறங்கலாம்."

எழில்மொழியின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்படிப் பாத்தா வீட்டுக்கு வாசலே வைக்க முடியாதேம்மா. மேலே கம்பிக் கதவு போட்டுப் பூட்டச் சொல்லியிருக்கேன். வந்துரும்."

"எப்ப வரும்?"

"வந்துரும்மா. மழைக்கு முன்னாடி வந்துரும்."

மழைதான் முன்னாடி வந்தது.

*

"வாய்க்கால் பக்கம் போனியா?"

"வீட்டு வாசல்ல வாய்க்கால் இருக்கு. போகாம வேலைக்குப் பறந்தா போறது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு ஜோஸ்வா."

"போனேம்மா. பாத்தேன். வந்துட்டேன். சோத்தைப் போடு."

ஜோஸ்வா இன்வெர்ட்டர் பேட்டரி மாட்டிக் கொடுக்கிற கடையில் வேலை பார்த்தான். தோளும் கையும் அப்பன் வேதநாயகம் மாதிரியே. தட்டில் குழம்பை ஊற்றும்போது அந்தக் கையைப் பார்ப்பதும் பார்வையை எடுப்பதுமாக இருந்தாள் பாத்திமா மேரி.

"மீனு ஏற ஆரம்பிச்சுட்டுதாமே."

"சரிவுல தாவுதாம்மா. எங்க கடைப் பையன் போன்ல எடுத்துட்டு வந்தான். ஒவ்வொரு கல்லா ஏறுது, நம்ம ஆளுங்க பஸ்ல சீட்டு பிடிக்கிற மாதிரி இடிச்சிக்கிட்டு. இன்னும் நம்ம தெருவரைக்கும் வரல. நல்ல மழை ஒண்ணு பெஞ்சா வந்துரும்."

"வந்தா?"

"வந்தா பாப்போம். போகுதுன்னு கை ஆட்டுவோம்."

"எறங்க மாட்டேன்னு சொல்லு."

"அம்மா..."

"அப்பா மேல ஆணையாச் சொல்லு."

"செத்த மனுசனை எதுக்கு இதுல இழுக்கற?" அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்ப பிடிக்க ஒண்ணும் இல்ல. இப்ப படி இருக்கு. மேடம் அதுக்குத்தானே போட்டாங்க? தண்ணி வர்றது தெரிஞ்சா நாலு எட்டுல மேல. நீ சும்மா பயந்து பயந்து என்னையும் பொம்பளைப் புள்ள மாதிரி..."

"எறங்க மாட்டேன்னு நீ இன்னும் சொல்லலடா."

"சோறு ஆறுதும்மா," என்றான் அவன்.

கல்லறைத் திருநாளுக்கு வேதநாயகத்தின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சிலுவையில் பெயர் எழுதின கறுப்பு மையை ஜோஸ்வா புதுப்பித்தான். தூறல் வந்து மெழுகுவத்தியை அணைத்தது. மறுபடி ஏற்றினால் மறுபடி அணைத்தது. கையைக் குவித்து மறைத்துக்கொண்டு அவள் முணுமுணுத்தது ஜெபமா பேச்சா என்று ஜோஸ்வாவுக்குத் தெரியவில்லை.

"அப்பாட்ட என்ன சொல்ற?"

"உன்னைப் பாத்துக்கச் சொல்றேன்."

"அவரு பாட்டுக்கு நிம்மதியா இருக்காரு. அவருக்கும் வேலை வைக்கறியா?"

அவள் இன்னொரு தீக்குச்சியைக் கிழித்தாள்.

வீடு திரும்பிப் புறக்கடையில் கால் கழுவப் போனபோதுதான் பார்த்தாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால், சாக்கு போர்த்தி, என்னவோ வயிறு பெருத்த மாதிரி. சாக்கைத் தூக்கினாள். புது மூங்கில் வாசனை. பறி. மடைவாயில் வைக்கிற மீன்கூடு. வாய்ப் பக்கம் மூங்கில் சிம்புகள் உள்முகமாகக் கூம்பியிருக்கும். உள்ளே நுழைய விடும். திரும்பி வர விடாது.

சாக்கை இருந்தபடியே போர்த்தினாள். உடைத்துப் போட்டால் வேறு வாங்குவான். எங்கே ஒளிப்பது என்று வேறு இடம் பார்ப்பான். பறி எத்தனை வேண்டுமானாலும் சந்தையில் கிடைக்கும். வாய்க்காலுக்குள் இறங்க வழி ஒன்றுதான்.

*

பிறந்த ஊரில் நாற்றங்காலுக்குள் ஆடு இறங்காமல் இருக்க என்ன செய்வார்களோ அதைத்தான் அவள் செய்தாள். மறுநாள் ஜோஸ்வா வேலைக்குப் போனதும், ஏரிக்கரைக்குப் போய்க் கருவை முள்ளைக் கொக்கி வைத்த அலக்கால் வளைத்து வெட்டிக் கட்டுக் கட்டாக இழுத்து வந்தாள். கல் பதித்தவர்கள் விட்டுப்போன கட்டுக்கம்பிச் சுருள் பாலத்தடியில் கிடந்தது. அதையும் குறடையும் எடுத்துக்கொண்டாள். வாய்க்கால் அன்றைக்கு வற்றிப் பாதத்தளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக முள்ளை வைத்துக் கம்பியைச் சுற்றி முறுக்கி, முறுக்கி, ஏறிக்கொண்டே வந்தாள்.

"அக்கா! வயசு என்ன ஆகுது? கம்பியில தொங்கிக்கிட்டு என்ன பண்ற?"

"பானு, அந்த முள்ளுக்கட்டை எடுத்து நீட்டு."

ஹமீதா பானு நீட்டினாள். நீட்டிவிட்டுத்தான் யோசித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? ஏறி வர்றவனுக்கும் இதுதானே வழி?"

"எறங்கினாத்தானேடி ஏறணும்?"

"அதுவும் சரிதான். ஆனா..."

"ஆனா என்ன? கதவு போடறேன்னாங்க. போட்டாங்களா? நான் போட்டுட்டேன் கதவு."

"அந்தப் பொண்ணு பாத்தா கத்தும்."

"கத்தட்டும். மேல் படிக்கு இன்னும் ரெண்டு முறுக்கு. குறடைக் குடு."

கடைசி முறுக்கு முறுக்கும்போது முதல் பெரிய துளி அவள் புறங்கையில் விழுந்தது. கையெல்லாம் கீறல். ஆனாலும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தபோது, நெஞ்சுக்குள் வெகுநாளாகக் கிடந்த ஒன்று கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. கடுங்காப்பி போட்டுக் குடித்தாள். ஜோஸ்வாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பிரித்துவிடுவான். சாயந்தரம் வந்து பார்க்கட்டும், பார்த்துவிட்டுச் சண்டை போடட்டும் என்று இருந்தாள். அவன் மதியமே திரும்புவான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மழை வலுத்தது. சுவர்களுக்கு நடுவே வாய்க்கால் செம்மண் நிறத்தில் முழங்கால் அளவுக்கு ஏறியது. அப்புறம் அந்தச் சத்தம். கூடை கூடையாகப் புளியங்கொட்டையைத் தகரத்தில் கொட்டுகிற மாதிரி. வெகு வருஷம் கழித்துக் கேட்டாலும் அவளுக்கு அது என்னவென்று தெரிந்தது. பாலத்தில் ஆட்கள் கூவினார்கள்.

"ஏய், வந்துட்டுதுடா! கெண்டைடா, கெண்டை!"

"அந்தக் கல்லுக்குப் பின்னாடி பாரு, விராலு! தொடை மாதிரி!"

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். கூவட்டும். கூவிவிட்டுப் போகட்டும். எவனும் இறங்க முடியாது.

"அக்கா!"

ஹமீதா பானு வாசலில் நின்றாள். தலையில் முக்காடு இல்லை. மழை அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா, உன் புள்ள உள்ள நிக்கிறான்."

"எந்த உள்ள?"

"வாய்க்காலுக்குள்ளக்கா!"

"எப்படி? நான் முள்ளு அடைச்சேனேடி."

"தெரு மேல்கோடியில ஜேசிபி எறங்கின மண் சரிவு இருக்குல்ல? அதுல எறங்கி, தண்ணிக்குள்ளயே நடந்து வந்திருக்கான். உன் கண்ணுல படாம, பறியோட."

அந்த மண் சரிவைப் பற்றி அவளுக்கு நினைவே இல்லை. கல் ஏற்றி வந்த ஜேசிபி இறங்குவதற்காகக் கொட்டின மண். வேலை முடிந்தும் வாராமல் விட்டது.

*

பாலத்தில் எழில்மொழி மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கையில் காமிரா. அவள் கண்கள் நனைந்திருந்தது மழையால் மட்டும் இல்லை. கல்லுக்குக் கல் மீன் தாவிக்கொண்டிருந்தது. வெள்ளி வெள்ளியாக. தாவி, கல்லின் பின்னால் ஒதுங்கி, வாலை அசைத்துக்கொண்டு நின்று, மறுபடி தாவி.

"மேரியம்மா, பாத்தீங்களா? பாத்தீங்களாம்மா? வந்துட்டுது..."

"என் புள்ளையை மேல வரச் சொல்லு."

எழில்மொழி அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டுத்தாம்மா இருக்கேன். ஜோஸ்வா! போதும், மேல வாங்க!"

"இதோ மேடம்!" கீழேயிருந்து ஜோஸ்வா சிரித்தான். இரண்டு கல்லுக்கு நடுவே பறியை வைத்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் அவன் தொடையைத் தொட்டது. "அம்மா! இன்னைக்கு விராலுக் குழம்பு! புளி ஊறப் போடு!"

"டேய், வாடா மேல! வந்த வழியே போடா!"

"அது கரைஞ்சிட்டுதும்மா. இதோ படி இருக்கே, நாலு எட்டு."

எழில்மொழி சிரித்தபடி படியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இது என்ன? யாரு பண்ணினா இதை?"

பாத்திமா மேரி கையில் உள்ள கீறல்களை முந்தானைக்குள் மறைத்தாள். அந்த நேரத்தில் அவள் செய்தது அது ஒன்றுதான்.

எழில்மொழி பையைத் துழாவிப் போனை எடுத்தாள். ஏரியில் ஷட்டர் பார்க்கிற லஸ்கர் நல்லக்கண்ணுவின் பெயர் திரையில் இரண்டு முறை தவறவிட்ட அழைப்பாக நின்றது. திருப்பி அடித்தாள்.

"நல்லக்கண்ணு அண்ணே! ஷட்டர்..."

"மேடம், உங்களுக்கு அடிச்சேனே, எடுக்கலையே? தூக்கிட்டேன் மேடம். ஏரி தளும்பிட்டுது."

"எறக்குங்க! எறக்குங்கண்ணே, வாய்க்கால்ல ஆளு இருக்கு!"

"ஆளா? எந்த ஆளு? ஐயோ, சங்கு ஊதினேனே மேடம், மழையில கேக்கலையா?"

"எறக்குங்கண்ணே!"

"எறக்கறேன், எறக்கிட்டே இருக்கேன். ஆனா போன தண்ணியை நான் எப்படி மேடம் கூப்பிடுவேன்? அது போயி வெகு நேரமாச்சே..."

பாலத்தில் இருந்தவர்கள் கூவுவதை நிறுத்திவிட்டார்கள். மீன்களும் நின்றுவிட்டன. கல்லுக்குப் பின்னால் ஒதுங்கினவை ஒதுங்கினபடியே, தலையை எதிர்த் திசையில் வைத்து, எதையோ கேட்பது போல நின்றன. ஜோஸ்வாவும் கேட்டான். பறியை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அம்மா. தண்ணி நெறம் மாறுதும்மா."

"படிக்கு வாடா! படிக்கு வா!"

தண்ணீரைக் காலால் உதைத்து உதைத்து அவன் சுவருக்கு வந்தான். கையை உயர்த்தி மஞ்சள் கம்பியைத் தேடினான். கையை இழுத்துக்கொண்டான்.

"முள்ளும்மா! யாரும்மா இதுல முள்ளைக் கட்டினது?"

பாத்திமா மேரி அதற்குள் சுவர் விளிம்பில் மண்டியிட்டிருந்தாள். மேல் படியில் இருந்த கருவையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். வரவில்லை. கட்டுக்கம்பி. எவனும் பிரிக்கக் கூடாது என்று அவள் முறுக்கின முறுக்கு.

"குறடு! பானு, குறடு! வீட்டுக்குள்ள, காப்பி டம்ளர் பக்கத்துல!"

ஹமீதா பானு ஓடினாள். எழில்மொழி மழைக்கோட்டைக் கழற்றி உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு அடுத்த படிக்கு இறங்கினாள். முள் அவள் காலைக் கிழித்தது. ஒரு முறுக்கு பிரிந்தது. அடுத்தது பிரியவில்லை. பாலத்தில் யாரோ துண்டும் வேட்டியும் முடிந்து கீழே விட்டார்கள். அது ஜோஸ்வாவின் தலைக்கு மேலே எட்டாத தூரத்தில் ஆடியது.

"முடிச்சுப் போடுங்கப்பா, இன்னொண்ணு முடிச்சுப் போடுங்க!"

மேல்கோடி வளைவில் அது திரும்பியது. சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு, முன்னால் நுரையும் ஆகாயத்தாமரையும் தள்ளிக்கொண்டு, ஒரு மாடு படுத்துப் புரண்டு வருகிற மாதிரி. அதன் இரைச்சலில் மழைச் சத்தம் அமுங்கியது.

ஜோஸ்வா மேலே பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பும் கேலியும் எங்கோ போய், சின்ன வயசில் ஊசி போடப் போகும்போது அவளைப் பார்ப்பானே அந்த முகமாக இருந்தது.

"அம்மா, நீயாம்மா கட்டின?"

"நான்தாண்டா. நான்தான். பிடிடா. என்னைத் திட்டிக்கிட்டே பிடிடா."

அவன் கையை நீட்டினான். முள் உள்ளங்கையில் ஏறியது. கை தானாகத் திறந்துகொண்டது. மறுபடி நீட்டினான். தண்ணீர் அவன் மார்பைத் தாண்டியது. எழில்மொழி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையைக் கீழே நீட்டினாள். அவள் விரலுக்கும் அவன் விரலுக்கும் நடுவே இரண்டு படி இருந்தது. இரண்டிலும் முள் இருந்தது.

ஹமீதா பானு குறடோடு ஓடி வந்து நின்றாள். நீட்டத் தெரியாமல் அப்படியே நின்றாள்.

நுரை பாலத்தடியில் புகுந்தது. சுவரில் இருந்த நகக் கோடுகள் மூழ்கின. கற்கள் மூழ்கின. மஞ்சள் கம்பிகளில் மேலே உள்ள ஒன்றிரண்டு மட்டும் தண்ணீருக்கு வெளியே நின்றன. அவற்றில் ஒன்றை எழில்மொழி கட்டிப் பிடித்திருந்தாள். அதற்குக் கீழே முள்ளும் நுரையும் இலையும் ஒன்றாகச் சுழன்றன. ஏதோ ஒன்று கம்பியை இழுத்தது. முள்ளா, கையா, தெரியவில்லை. பாத்திமா மேரி இரத்தம் வழிகிற கைகளை அந்தச் சுழலுக்குள் விட்டு, விளிம்பில் குப்புறக் கிடந்து கத்தினாள்.

"ஜோஸ்வா, முள்ளைப் பாக்காதடா, முள்ளோட சேத்துப் பிடிச்சுக்கடா... பிடிச்சிட்டியாடா?"